விலைபோன பெயர், விலைபோகாத லினக்ஸ்: லிண்டோஸ் நிறுவனம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வழக்குப் போட்டவரே எதிராளிக்குப் பணம் கொடுத்துச் சமாதானமாகப் போவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. 2004 ஜூலையில் அது நடந்தது. வழக்குப் போட்டது மைக்ரோசாஃப்ட். எதிராளி, அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் தொடங்கி ஏறக்குறைய மூன்று வருடமே ஆகியிருந்த ஒரு சிறிய லினக்ஸ் நிறுவனம். லினக்ஸ் என்பது விண்டோஸ் போலக் கணினியை இயக்குகிற ஓர் இயங்குதளம்; அதை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கைமாறிய தொகை 2 கோடி டாலர். அந்தப் பணத்துக்கு மைக்ரோசாஃப்ட் முக்கியமாக வாங்கிக்கொண்டது ஒரே ஒரு சொல்: லிண்டோஸ்.

வீடு, பள்ளி, அலுவலகம் என்று எல்லா இடத்துக்கும் லினக்ஸைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று கிளம்பிய நிறுவனம் அது. ஏழு வருடத்தில் கைமாறி, மறைந்தும் போனது. இந்த மாதிரித் தோல்விகளுக்கு ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கும்: லினக்ஸ் கஷ்டம், ஜனங்களுக்குப் பழக்கமில்லை. எனக்கு இதில் அரைமனசுதான். அந்தக் காலத்தில் பலரும் தங்கள் பெயரில் தொகுத்து வெளியிட்ட லினக்ஸ்களில் புதியவர்களுக்குச் சுலபமானவற்றில் லிண்டோஸும் ஒன்று. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது என்பதே என் கட்சி. அவர்களிடம் இருந்த சரக்கில் மற்றவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ள முடியாதது அந்தப் பெயர் ஒன்றுதான். கடைசியில் அதையும் எதிராளிதான் வாங்கினார்.

ஆளும் நேரமும்

நிறுவனத்தைத் தொடங்கியவர் மைக்கேல் ராபர்ட்சன். இணையத்தில் பாட்டு கேட்பது புதுசாக இருந்த காலத்தில் எம்பி3.காம் நிறுவனத்தை நடத்தியவர். இசைத்தட்டு நிறுவனங்கள் அவரை நீதிமன்றத்துக்கு இழுத்தன. அங்கே பலத்த அடி வாங்கினார். ஆனாலும் 2001இல் அந்த நிறுவனத்தை விவெண்டி யுனிவர்சல் என்ற பெரிய ஊடக நிறுவனம் 37 கோடியே 20 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஆக, தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஆளோடு மல்லுக்கட்டுவதும் அதிலிருந்து பணத்தோடு வெளியே வருவதும் அவருக்குப் புதிதில்லை. வழக்கைவிட மலிவான விளம்பரம் கிடையாது என்று அப்போதே கணக்குப் போட்டிருப்பார் என்று தோன்றுகிறது. இது என் ஊகம்தான்.

நேரமும் தோதாகத் தெரிந்தது. மைக்ரோசாஃப்டை இரண்டாக உடைக்கச் சொல்லி 2000இல் ஒரு நீதிபதி தீர்ப்பளித்திருந்தார். 2001 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உடைப்பை ரத்து செய்தது. ஆனால் அந்த நிறுவனம் தன் ஏகபோகத்தைத் தவறான வழியில் காப்பாற்றிக்கொண்டது என்ற முடிவை அப்படியே நிற்க விட்டது. அதே வருடம் அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. வீட்டுக்கு வாங்குகிறவர்களும் அதை ஆக்டிவேட் செய்தாக வேண்டும், அதாவது மைக்ரோசாஃப்டிடம் உறுதிசெய்துகொண்டுதான் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை கூடவே வந்தது. வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று சிலராவது தலையை நிமிர்த்திப் பார்த்த நேரம்.

மறுபக்கம், வீட்டு லினக்ஸ் என்பது அதற்குள்ளேயே பல பேர் கையைச் சுட்டுக்கொண்ட அடுப்பு. கோரல் நிறுவனம் 1999இல் ஒரு லினக்ஸை வெளியிட்டு, இரண்டே வருடத்தில் அந்தப் பிரிவைக் கைகழுவியது. அதை எடுத்துக்கொண்ட நிறுவனத்தின் பெயர் சாண்ட்ரோஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வரும். ஆப்பிளில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து தொடங்கிய ஈசல் நிறுவனம், லினக்ஸுக்கு ஒரு நல்ல கோப்பு மேலாளரை எழுதிக் கொடுத்துவிட்டு 2001 மே மாதம் கடையைச் சாத்தியது. இதையெல்லாம் பார்த்த பிறகும் ராபர்ட்சன் இறங்கினார்.

முதல் வாக்குறுதி

லிண்டோஸ் என்ற பெயர் விளையாட்டாக வைத்தது இல்லை. லினக்ஸ் நிரல்களும் விண்டோஸ் நிரல்களும் ஒரே கணினியில் ஓடும் என்பதுதான் முதலில் சொன்ன வாக்கு. பெயரிலேயே இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்த வாக்கு வைன் என்ற திட்டத்தை நம்பியிருந்தது. விண்டோஸ் நிரல் எதுவானாலும் ஓடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் இயங்குதளத்திடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும்: இந்தக் கோப்பைத் திற, இந்த எழுத்துருவில் இந்தச் சொல்லை வரை, இதை அச்சுப்பொறிக்கு அனுப்பு. 1993இல் தொடங்கிய வைன், இந்தக் கேள்விகளுக்கு விண்டோஸ் இல்லாமலேயே விண்டோஸ் போலப் பதில் சொல்கிற ஓர் அடுக்கு. கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் விண்டோஸ் தன் கையேட்டில் எழுதியிருக்கிறபடி மட்டும் நடந்துகொள்வதில்லை. கையேட்டில் இல்லாத அதன் பழக்கவழக்கங்களை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம். நூறு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லி நூற்றோராவதில் பிசகினால் போதும், திறந்திருந்த ஆவணம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். பயனாளர் நினைவில் நிற்பது அந்த ஒன்றுதான். வைன் எழுதியவர்கள் அப்போதே எட்டு வருடமாக இதில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு புது நிறுவனம் வந்து சில மாதத்தில் முடித்துவிடக்கூடிய வேலையாக அது இருக்கவில்லை.

2002க்குள் அந்த வாக்கு மெல்ல மெல்லத் தேய்ந்தது. லினக்ஸுக்கென்றே எழுதப்பட்ட நல்ல நிரல்கள் ஏராளமாக இருக்கின்றன, அவற்றைச் சுலபமாகத் தருகிறோம் என்று பேச்சு மாறியது. நேர்மையான மாற்றம்தான், தொழில்நுட்பப்படி சரியும்கூட. ஆனால் பெயரை மாற்றவில்லை. விண்டோஸ் நிரல்கள் ஓடாத ஒரு பொருளுக்கு, விண்டோஸை நினைவுபடுத்துவதற்காகவே வைத்த பெயர் அப்படியே நின்றது. இந்தக் கதையில் முதல் விரிசல் இங்கே விழுந்தது என்பேன்.

199 டாலர் கணினி

2002இல் அமெரிக்காவின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனமான வால்மார்ட், தன் இணையக் கடையில் லிண்டோஸ் நிறுவிய கணினிகளை விற்க ஆரம்பித்தது. மைக்ரோடெல் நிறுவனம் செய்தவை. விலை 299 டாலரில் தொடங்கி, அந்த வருடத்துக்குள்ளேயே 199 டாலருக்கு இறங்கியது. அந்த 199 டாலர் பெட்டிக்குள் இருந்தவை: 800 மெகாஹெர்ட்ஸ் வியா சி3 செயலி, 128 எம்பி நினைவகம், 10 ஜிபி வன்தட்டு. திரை தனி. விண்டோஸுக்கான உரிமக் கட்டணம் இல்லாததால்தான் அந்த விலை சாத்தியமானது.

லினக்ஸ் உலகத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதுவரை லினக்ஸ் வேண்டும் என்றால் நீங்களே குறுந்தகடு தேடி, வன்தட்டில் அதற்கு இடம் ஒதுக்கி, நிறுவிக்கொள்ள வேண்டும். இங்கே ஒருவர் பெட்டியைப் பிரித்து மின்சாரம் கொடுத்தால் லினக்ஸ் வந்து நிற்கிறது. சாதாரண ஆள், சாதாரணக் கடை.

இப்போது அந்தக் கணினியை வாங்கியவரின் மேசைக்குப் போவோம். 2002இல் 199 டாலருக்குக் கணினி வாங்குகிறவர் வீட்டில் அகலப்பட்டை இணைப்பு இருந்திருக்க வாய்ப்பு குறைவு. தொலைபேசிக் கம்பியில் டயல்-அப் மோடம்தான் இருந்திருக்கும். அலுவலகத் தொகுப்பு வேண்டும் என்றால் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். ஓப்பன் ஆஃபீஸ் போன்ற ஒன்று சுமார் 60 எம்பி இருந்தால், 56கே மோடத்தில், கம்பி நல்ல நிலையில் இருக்கும் நாளில், மூன்று மணி நேரம். அதுவரை வீட்டுத் தொலைபேசியை யாரும் தொடக்கூடாது. இடையில் இணைப்பு அறுந்தால் அன்றைய பொழுது போச்சு. அந்தக் கால மலிவு மோடங்கள் பல, பாதி வேலையை விண்டோஸில் உள்ள டிரைவரே (சாதனத்தை இயக்குகிற சிறு நிரல்) பார்த்துக்கொள்ளும் என்று நம்பிச் செய்யப்பட்டவை. அப்படி ஒன்றை நண்பரிடம் வாங்கி மாட்டினால் லினக்ஸில் உயிரே வராது. அப்புறம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற அச்சுப்பொறி, ஸ்கேனர், பையனுக்கு வாங்கிய விளையாட்டுக் குறுந்தகடு. பெட்டியின் மேல் எழுதியிருந்த பெயரைப் பார்த்து இதெல்லாம் ஓடும் என்று நினைத்தவரைக் குறை சொல்ல முடியுமா?

இங்கே ஒரு முரண் இருக்கிறது. லினக்ஸ் யாருக்கு நன்றாகப் பொருந்தும் என்றால், விவரம் தெரிந்தவருக்கு. இல்லாவிட்டால் விவரம் தெரிந்த ஒருவர் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போன பிறகு இணையமும் மின்னஞ்சலும் மட்டும் பார்க்கிறவருக்கு. மலிவு விலை இழுத்து வந்ததோ இரண்டிலும் சேராத ஆளை: கையில் காசு குறைவு, உதவிக்கு ஆளில்லை, பழைய சாமான்கள் நிறைய.

ஒரு பொத்தான், வருடச் சந்தா

லிண்டோஸ் செய்த உருப்படியான காரியம் கிளிக்-என்-ரன். சி.என்.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அன்றைய லினக்ஸில் ஒரு நிரலை நிறுவுவது எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் இதன் அருமை புரியும். ஒரு பேக்கேஜை, அதாவது நிரலைக் கட்டி வைத்த பொட்டலத்தை, இறக்கி நிறுவப் போனால் அது இன்னொன்றைக் கேட்கும். அதைத் தேடிக் கொண்டுவந்தால் அது மூன்றாவதன் குறிப்பிட்ட பதிப்பைக் கேட்கும். அந்தப் பதிப்பைப் போட்டால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நான்காவது படுத்துவிடும். தன்னார்வலர்கள் தொகுக்கிற டெபியன் லினக்ஸ் இதற்கு ஆப்ட் என்ற கருவியை வைத்திருந்தது. ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் தேவையானதை எல்லாம் அதுவே இழுத்து வந்து போட்டுவிடும். லிண்டோஸ் டெபியன் வழி வந்ததுதான். ஆப்ட்டின் மேல் ஒரு கடை முகப்பைக் கட்டினார்கள்: நிரலின் படம், விளக்கம், பயனாளர் மதிப்பீடு, ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் இறங்கும், நிறுவிக்கொள்ளும், பட்டியலில் சின்னமும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்றைக்குக் கைப்பேசி வைத்திருக்கிற எவருக்கும் இது சாதாரணம். அன்றைக்கு அது முன்னோடி. இதற்காகவாவது அந்த நிறுவனத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் இதற்குத்தான் காசு கேட்டார்கள். ஆரம்பத்தில் வருடத்துக்கு 99 டாலர், பிறகு குறைத்தார்கள். கணக்கு இடிக்கிற இடம் இதுதான். கடையில் அடுக்கியிருந்த சரக்கில் பெரும்பகுதி டெபியன் தன்னார்வலர்கள் இலவசமாகத் தொகுத்து வைத்தது. லினக்ஸின் உரிமம் விற்பதைத் தடுப்பதில்லை; எத்தனை டாலருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஆனால் வாங்கியவருக்கு மூல நிரலையும், அதைப் பிறருக்குக் கொடுக்கிற உரிமையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அதனால் பிரதிக்கு விலை நிற்காது. லிண்டோஸ் விற்றது வசதியை மட்டும்தான். ஆனால் அந்த வசதி யாருக்குத் தேவையோ, அவர் 199 டாலருக்குக் கணினி வாங்கியவர். கணினி விலையில் பாதியை ஒவ்வொரு வருடமும் கொடுக்க மாட்டார். கொடுக்கக்கூடியவருக்கு ஒரு வரிக் கட்டளை தெரியும்.

காசு கேட்க நியாயம் உள்ள சரக்கும் கொஞ்சம் இருந்தது. எம்பி3, விண்டோஸ் மீடியா, டிவிடி போன்றவற்றை ஓட்டுவதற்கான கோடெக்குகளை (அந்தக் கோப்புகளை ஒலியாகவும் படமாகவும் மாற்றித் தருகிற நிரல்கள்) உரிமக் கட்டணம் கட்டிச் சட்டப்படி கொடுத்தார்கள். பல லினக்ஸ் வெளியீடுகள் இதைத் தொடவே பயந்த காலம். நவு என்ற இணையப்பக்க எழுதியை உருவாக்கவும் பணம் போட்டார்கள். லினக்ஸை எழுதுகிற தன்னார்வலர் சமூகத்திடம் எடுத்துக்கொண்டது மட்டும்தான் என்று சொன்னால் அது அநியாயம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆரம்பப் பதிப்புகளில் பயனாளர் நேராக ரூட் கணக்கிலேயே உட்கார வைக்கப்பட்டார். அதாவது கணினியில் எதையும் அழிக்கிற, மாற்றுகிற முழு அதிகாரத்தோடுதான் இணையத்தில் உலாவுவார். கடவுச்சொல் கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். லினக்ஸ் ஆட்களுக்குக் கோபம் தலைக்கேறியது. லினக்ஸ் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்துவிட்டு, அந்தப் பாதுகாப்பின் முதல் கதவையே கழற்றி வைத்தால்? விண்டோஸ் மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசையில் அதன் கெட்ட பழக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

ஜன்னல் யாருக்குச் சொந்தம்

பொருள் இன்னும் கடைக்கே வராத 2001 டிசம்பரில், மைக்ரோசாஃப்ட் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. லிண்டோஸ் என்ற பெயர் எங்கள் வணிகக்குறியைப் போல இருக்கிறது, வாடிக்கையாளர் குழம்புவார், உடனே தடை வேண்டும் என்பது கோரிக்கை. வெளியிலிருந்து பார்த்தால் மைக்ரோசாஃப்ட் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் படும். எனக்கும் அப்படித்தான் படுகிறது. குழம்பட்டும் என்றுதானே அந்தப் பெயரையே வைத்தார்கள்.

ஆனால் லிண்டோஸ் வக்கீல்கள் குழப்பத்தைப் பற்றி வாதாடுவதோடு நிற்கவில்லை. விண்டோஸ் என்பதே வணிகக்குறி ஆகக்கூடிய சொல்லா என்று திருப்பிக் கேட்டார்கள். அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பொருளின் பொதுப்பெயரை யாரும் தனக்கென்று பதிவு செய்துகொள்ள முடியாது. அரிசி விற்கிறவர் 'அரிசி' என்ற சொல்லுக்குச் சொந்தம் கொண்டாட முடியாது இல்லையா, அது மாதிரி. திரையில் தெரிகிற செவ்வகங்களை ஜன்னல் என்று சொல்வது மைக்ரோசாஃப்ட் கண்டுபிடித்தது இல்லை. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1970களிலேயே ஜன்னல்கள் இருந்தன. 1983இல் வந்த ஆப்பிள் லிசாவிலும் இருந்தன. விண்டோஸ் 1.0 கடைக்கு வந்தது 1985 நவம்பரில். அமெரிக்க வணிகக்குறி அலுவலகமே அந்தப் பெயரைப் பதிவு செய்ய 1993இல் மறுத்து, பிறகு 1995இல்தான் கொடுத்தது.

2002 மார்ச்சில் நீதிபதி இடைக்காலத் தடை தர மறுத்தார். விண்டோஸ் பொதுப்பெயரா இல்லையா என்பதில் தீவிரமான கேள்விகள் இருக்கின்றன என்றார். மைக்ரோசாஃப்டுக்கு இது வயிற்றில் புளியைக் கரைத்த நேரம். அதைவிடப் பெரிய அடி 2004 பிப்ரவரியில் விழுந்தது. இன்றைக்கு விண்டோஸ் என்றால் ஜனங்களுக்கு எந்த நிறுவனம் ஞாபகம் வருகிறது என்பதை ஜூரி பார்க்க வேண்டியதில்லை, 1985 நவம்பருக்கு முன்னால் அந்தச் சொல் பொதுப்பெயராக இருந்ததா என்று பார்த்தால் போதும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். அப்போது பொதுப்பெயராக இருந்திருந்தால், பிற்பாடு எத்தனை கோடி செலவழித்து விளம்பரம் செய்திருந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது. உடனே தலையிடும்படி மைக்ரோசாஃப்ட் கேட்டதை மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை.

இந்தக் கட்டத்தில் வழக்கின் எடை மாறிவிட்டது. லிண்டோஸ் தோற்றால் பெயரை மாற்றிக்கொண்டு போய்விடலாம். மைக்ரோசாஃப்ட் தோற்றால், உலகத்தில் அதிகம் ஓடுகிற இயங்குதளத்தின் பெயரே கைவிட்டுப் போகலாம்.

இதற்கிடையே ஐரோப்பாவிலும் வழக்குகள் நடந்தன. அங்கே ஜன்னலுக்கு உள்ளூர் மொழியில் வேறு சொல். அதனால் பொதுப்பெயர் வாதம் அவ்வளவாக எடுபடவில்லை. 2004 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் நெதர்லாந்து, பெல்ஜியம், லக்சம்பர்க் நாடுகளுக்குத் தடை போட்டது. ராபர்ட்சன் குறும்புக்காரர். தடைசெய்த எழுத்துகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூன்று கோடுகளைப் போட்டு, லின்டாஷ் என்று படித்துக்கொள்ளுங்கள் என்றார். சிரிப்பு வந்தது, வியாபாரம் வரவில்லை. நாட்டுக்கு நாடு வக்கீல் வைக்கிற செலவை ஒரு சின்ன நிறுவனம் எவ்வளவு நாள் தாங்கும்? 2004 ஏப்ரலில் பெயரை லின்ஸ்பயர் என்று மாற்றினார்கள்.

ஜூலையில் சமரசம். லிண்டோஸ் என்ற பெயரையும் அதற்கான இணைய முகவரிகளையும் கொடுத்துவிட்டு 2 கோடி டாலர் வாங்கிக்கொண்டார்கள். 99 டாலர் சந்தாவில் இந்தத் தொகையைச் சேர்க்க வேண்டும் என்றால் இரண்டு லட்சம் பேர் ஒரு வருடம் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஒரே கையெழுத்தில் வந்தது. ஆனால் அது ஒரு தடவை மட்டும் விற்கக்கூடிய சரக்கு.

பங்குச் சந்தை வாசல்வரை

பெயரை மாற்றிய அதே 2004 ஏப்ரலில், 5 கோடியே 75 லட்சம் டாலர் வரை திரட்டப் பங்கு வெளியீட்டுக்கும் மனுச் செய்திருந்தார்கள். ஆகஸ்டில் சந்தை நிலவரம் சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். சந்தை சரியில்லாமல் இருந்தது உண்மைதான். ஆனால் அதே ஆகஸ்டில்தான் கூகுள் பங்குச் சந்தைக்கு வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். பெயரை விற்றுவிட்ட, விண்டோஸ் நிரல்களும் ஓடாத, இலவசமாகக் கிடைப்பதற்குச் சந்தா கேட்கிற நிறுவனத்தில் பணம் போடுகிறவர் என்ன கணக்கில் போடுவார்?

ரெட் ஹாட் போன பாதை

ஒப்பிட்டுப் பார்க்க ரெட் ஹாட் என்ற இன்னொரு அமெரிக்க லினக்ஸ் நிறுவனம் நல்ல உதாரணம். அவர்களும் ஒரு காலத்தில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் சேர்த்து அட்டைப்பெட்டியில் லினக்ஸ் விற்றவர்கள்தான். 2003இல் அதை நிறுத்திவிட்டார்கள். ரெட் ஹாட் லினக்ஸ் 9 தான் கடைசிப் பதிப்பு. வீட்டுப் பயனாளர்களுக்கு ஃபெடோரா என்ற இலவசத் திட்டத்தைக் கைகாட்டிவிட்டு, நிறுவனங்களுக்கான லினக்ஸில் முழுமூச்சாக இறங்கினார்கள். வீட்டுச் சந்தைக்கு இப்போதைக்கு விண்டோஸே சரி என்று அந்த வருட நவம்பரில் அதன் தலைவர் மேத்யூ சூலிக் வெளிப்படையாகவே சொன்னார். லினக்ஸ் ஆட்கள் பலருக்கு அது முதுகில் குத்தியது போல இருந்தது.

வியாபாரக் கண்ணால் பார்த்தால் அவர் சொன்னதில் பிசகில்லை. ஒரு வங்கியின் சர்வர் இரவு இரண்டு மணிக்கு நின்றுபோனால், கூப்பிடுவதற்கு ஓர் எண் இருக்க வேண்டும். அந்த எண்ணுக்கு வங்கி வருடா வருடம் பணம் கட்டும். இந்தப் பதிப்பு இத்தனை வருடத்துக்கு மாறாது, இந்தத் தரவுத்தள மென்பொருள் இதில் ஓடும் என்று எழுதிக் கொடுத்தால் அதற்கும் கட்டும். மென்பொருள் இலவசமா இல்லையா என்பது அங்கே பேச்சே இல்லை. வீட்டில் கணினி நின்றுபோனால் சொந்தக்காரப் பையனைக் கூப்பிடுகிறார்கள், அவனுக்கு விண்டோஸ்தான் தெரியும். 2012இல் முடிந்த நிதியாண்டில் ரெட் ஹாட்டின் வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டியது. 2019இல் ஐ.பி.எம். 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இரண்டு நிறுவனமும் கேட்டது சந்தாதான். கேட்ட வாசல்தான் வேறு.

வீட்டுப் பக்கம் மிச்சமிருந்த இடத்தையும் 2004 அக்டோபரில் ஒருவர் வந்து பிடித்துக்கொண்டார். மார்க் ஷட்டில்வொர்த், இணையப் பாதுகாப்புச் சான்றிதழ் தருகிற தாட்டே நிறுவனத்தை 1999இல் 57 கோடியே 50 லட்சம் டாலருக்கு விற்றவர். அவர் தொடங்கிய கேனானிக்கல், உபுண்டுவை வெளியிட்டது. அதுவும் டெபியன் வழி வந்தது, சுலபமானது. முழுக்க இலவசம், குறுந்தகட்டைக்கூடத் தபால் செலவு இல்லாமல் அனுப்பி வைத்தார்கள். சந்தாவுக்கும் சும்மாவுக்கும் நடுவில் போட்டி என்று ஒன்று கிடையாது.

கடைசி வருடங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2005இல் ராபர்ட்சன் விலக, கெவின் கார்மனி தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 2006இல் ஃப்ரீஸ்பயர் என்ற இலவசப் பதிப்பு வந்தது, சி.என்.ஆர். சந்தாவும் எடுக்கப்பட்டது. 2007 பிப்ரவரியில் கேனானிக்கலோடு கைகோத்து, இனி எங்கள் லினக்ஸ் உபுண்டுவை அடித்தளமாகக் கொள்ளும் என்றார்கள். போட்டியாளர் கட்டிய வீட்டில் மாடியில் குடியேறிய மாதிரி. ஜூனில், ஒரு காலத்தில் வழக்காடிய மைக்ரோசாஃப்டோடே காப்புரிமை ஒப்பந்தம். அதில் எழுத்துருக்களும் ஊடகக் கோடெக்குகளும் கிடைத்தன. சமூகத்திடம் மிச்சமிருந்த நல்ல பெயர் போனது. அடுத்த மாதமே கார்மனியும் விலகினார்.

2008 ஜூலையில் லின்ஸ்பயரின் சொத்துகளை வாங்கிக்கொண்டது சாண்ட்ரோஸ். கோரல் கைகழுவிய லினக்ஸை எடுத்துக்கொண்ட அதே நிறுவனம். அவர்களுக்கு அப்போது நல்ல காலம் போலத் தெரிந்தது. 2007 அக்டோபரில் வந்து சக்கைப்போடு போட்ட ஏசுஸ் ஈ பிசி என்ற குட்டி மடிக்கணினியில் இருந்தது அவர்களின் லினக்ஸ்தான். லிண்டோஸ் கனவு கண்டது அதைத்தான்: மலிவான கணினி, லினக்ஸ், சாதாரண வாடிக்கையாளர். ஆனால் மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலில், ஓய்வு கொடுக்கவிருந்த எக்ஸ்பியை இந்த மலிவுக் கணினிகளுக்கு மட்டும் நீட்டித்தது. சில வருடத்தில் அந்த வகைக் கணினிகளில் லினக்ஸ் இருந்த சுவடே இல்லை. சாண்ட்ரோஸும் ஓசைப்படாமல் மறைந்தது.

லின்ஸ்பயர் கைமாறிய அதே ஜூலையில்தான் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தது. படம், விளக்கம், மதிப்பீடு, ஒரு பொத்தான். ஆப்பிள் அந்தக் கடைக்குள் நுழையச் சந்தா கேட்கவில்லை; உள்ளே விற்கிற ஒவ்வொன்றிலும் 30 சதவீதம் எடுத்துக்கொண்டது. சரக்கும் இலவசமாக வேறெங்கும் கிடைக்காது.

பழைய வாக்குறுதியின் மறுபிறவி

ராபர்ட்சன் 2001இல் கொடுத்த முதல் வாக்கு, இரண்டு வகை நிரலும் ஒரே கணினியில் ஓடும் என்பது. 2016இல் அதை ஒரு பாதியாக மைக்ரோசாஃப்டே நிறைவேற்றியது, தலைகீழாக: விண்டோஸுக்குள் லினக்ஸ் நிரல்கள். முதலில் உள்ளே வந்தது உபுண்டு. 2018 ஜனவரியில் வேறொரு சிறு நிறுவனம் லின்ஸ்பயர், ஃப்ரீஸ்பயர் என்ற பெயர்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. லின்ஸ்பயருக்கு 79.99 டாலர் விலையும் வைத்தார்கள்.

அதே 2018 ஆகஸ்டில் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையை நடத்துகிற வால்வ் நிறுவனம், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட வைக்கிற ப்ரோட்டானை வெளியிட்டது. லிண்டோஸ் நம்பிக் கைவிட்ட அதே வைன்தான் அதற்கும் அடித்தளம். இருபத்தைந்து வருட உழைப்பு அதற்குள் ஏறியிருந்தது. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியில் ஓடுவது லினக்ஸ், அதில் ஆடுவது பெரும்பாலும் விண்டோஸுக்கு எழுதிய விளையாட்டுகள். அந்த லினக்ஸுக்கு வால்வ் தனியாகக் காசு கேட்பதில்லை. விற்கிற விளையாட்டில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. வாங்கியவர் கடையைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்துகிறார், விளையாட்டு இறங்குகிறது. இன்னொரு தடவை அழுத்துகிறார், ஓடுகிறது.